செயின்ட் பால் செயின்ட்ஸ்: சுயேச்சைக் காலத்தின் (1993–2020) வரலாற்றை எப்படி எழுதுவது?

#1 ஸ்கோர்_அட்டை

வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் செயின்ட் பால் செயின்ட்ஸ் பேஸ்பால் குழுவைப் பற்றித் தமிழில் ஒரு முழுக் கட்டுரை தயாராகிறது. வரைவின் முதல் பத்தி இது:

> 1902இல் தொடங்கிய செயின்ட்ஸ் குழு அமெரிக்கன் அசோசியேஷனில் பல ஆண்டுகள் ஆடியது. 1993இல் நார்தர்ன் லீகுக்கு மாறி, 2006இல் மீண்டும் அமெரிக்கன் அசோசியேஷனுக்கே திரும்பியது. 2021இல், உச்ச மட்டமான மேஜர் லீகில் ஆடும் மினசோட்டா ட்வின்ஸின் டிரிபிள்-ஏ (மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான) குழுவானது.

பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த பத்திகளில் டாரில் ஸ்ட்ராபெரி, ஐலா போர்டர்ஸ், ஜே.டி. ட்ரூ, மின்னி மின்யோசோ ஆகியோரைப் பற்றி எழுத எண்ணம்.

#2 களஞ்சியம்

முதல் பத்தியில் மூன்று குழுக்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் செயின்ட்ஸ் 1895இல் வெஸ்டர்ன் லீகில் ஆடத் தொடங்கியது. உரிமையாளர் சார்லஸ் கொமிஸ்கி. 1900இல் குழுவை அப்படியே சிகாகோவுக்குக் கொண்டுபோனார். இன்றைய ஒயிட் சாக்ஸ் அதுதான்.

இரண்டாவது செயின்ட்ஸ் 1902 முதல் 1960 வரை. பெரும்பாலும் லெக்சிங்டன் பார்க் மைதானம், பிற்காலத்தில் மேஜர் லீக் குழுவான டாட்ஜர்ஸின் கிளைக் குழு (அதற்கு வீரர்களைத் தயார்படுத்தும் குழு). ராய் கம்பனெல்லா 1948இல் இந்தச் சட்டையில்தான் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத அமெரிக்கன் அசோசியேஷனின் நிறத்தடையை உடைத்தார். 35 ஆட்டங்களில் 13 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர்போல எல்லைக்கு வெளியே அடிப்பது). அதன் பிறகு டாட்ஜர்ஸ் அவரை மேலே அழைத்துக்கொண்டது. 1961இல் ட்வின்ஸ் மினசோட்டாவுக்கு வந்ததும் இந்தக் குழு ஒமாஹாவுக்குப் போய்விட்டது.

மூன்றாவது, 1993இல் புதிதாகப் பிறந்த சுயேச்சைக் குழு. உரிமையாளர், ஒப்பந்தம், லீக் எதுவும் முந்தையவற்றின் தொடர்ச்சி இல்லை. ஊர் ஞாபகத்தில் இருந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

லீகுகளிலும் இதே சிக்கல். பழைய நார்தர்ன் லீக் 1902இல் தொடங்கி விட்டுவிட்டு 1971 வரை நடந்தது. 1993இல் பேஸ்பால் நிர்வாகி மைல்ஸ் வுல்ஃப் தொடங்கியது வேறு. பழைய அமெரிக்கன் அசோசியேஷன் 1997இல் முடிந்த டிரிபிள்-ஏ லீக். 2006இல் தொடங்கியது அதே பெயரை எடுத்துக்கொண்ட சுயேச்சை லீக். எனவே "மீண்டும் திரும்பியது" என்ற சொற்றொடரை நீக்க வேண்டும். புள்ளிவிவரத் தளங்களில் பார்க்கும்போது ஊர்ப்பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஆண்டு, லீக், வகுப்பு (டிரிபிள்-ஏ போன்ற படிநிலை) மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வகுப்புக் கட்டத்தில் "சுயேச்சை" என்று இருந்தால் மட்டுமே உங்கள் கட்டுரைக்குரிய குழு.

#3 வடக்குக்காற்று

களஞ்சியம் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். "1993இல் தொடங்கியது" என்று ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். ஏன் அந்த ஆண்டு, ஏன் அந்த ஊர் என்பதில்தான் முழு வரலாறும் இருக்கிறது.

மேஜர் லீக் குழு ஒன்றின் எல்லைக்குள் வேறொரு கிளைக் குழு வர வேண்டுமானால் அந்த மேஜர் லீக் குழு சம்மதிக்க வேண்டும். செயின்ட் பால் ட்வின்ஸின் எல்லைக்குள் இருக்கும் ஊர். ஆகவே 1961 முதல் 32 ஆண்டுகள் அங்கே தொழில்முறை மைனர் லீக் பேஸ்பாலே இல்லை. வுல்ஃப் தன் லீகை மைனர் லீகுகளின் கூட்டமைப்புக்கு வெளியே அமைத்தார். கூட்டமைப்பில் சேராதவரை அதன் எல்லை விதி கட்டுப்படுத்தாது. இந்த ஒரு சந்து வழியாகத்தான் செயின்ட்ஸ் உள்ளே நுழைந்தது.

இரண்டாவது காரணம் 1990இல் மேஜர் லீகும் மைனர் லீகுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம். கிளைக் குழு வைத்திருக்கும் மைதானங்களில் விளக்கு, உடை மாற்றும் அறை, இருக்கை எல்லாவற்றுக்கும் தரக்குறியீடு வந்தது. பல சிற்றூர் மைதானங்களுக்கு அது எட்டாத செலவு. அந்த மைதானங்கள் சுயேச்சை லீகுக்குப் போதுமானவையாக இருந்தன. முதல் ஆண்டின் ஆறு குழுக்கள்: செயின்ட் பால், டுலூத்-சுப்பீரியர், ராச்செஸ்டர், சூ சிட்டி, சூ ஃபால்ஸ், கனடாவின் தண்டர் பே. ஆட்டங்கள் 72.

மூன்றாவது, கூரை. ட்வின்ஸ் 1982 முதல் மெட்ரோடோம் என்ற மூடிய அரங்கில் செயற்கைப் புல்மேல் ஆடியது. மினசோட்டாவில் கோடை குறுகியது. அந்தக் கோடையில் வெயிலில் உட்கார்ந்து பேஸ்பால் பார்க்க ஊருக்குள் இருந்த தொழில்முறை இடம் மிட்வே ஸ்டேடியம் ஒன்றுதான். 2010இல் ட்வின்ஸ் திறந்தவெளி டார்கெட் ஃபீல்டுக்குப் போகும்வரை, 17 பருவங்கள் இந்தச் சாதகம் செயின்ட்ஸிடம் இருந்தது.

#4 ஸ்கோர்_அட்டை

மிக்க நன்றி. பத்தியைக் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். கிரிக்கெட் மட்டும் தெரிந்த வாசகருக்குச் "சுயேச்சை" என்றால் என்ன என்று எப்படி விளக்குவது? "மேஜர் லீகோடு தொடர்பில்லாதது" என்று எழுதினால் போதுமா?

#5 மேட்டு_மண்

போதாது. யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்க.

கிளைக் குழுவில் வீரர், மேலாளர், பயிற்சியாளர் எல்லோருக்கும் சம்பளம் தாய்க் குழுவிலிருந்து வரும். யார் எந்த இடத்தில் ஆடணும், ஒரு பிட்சர் எத்தனை பந்து வீசலாம் என்பதையும் தாய்க் குழுதான் முடிவு பண்ணும். உள்ளூர் உரிமையாளருக்கு டிக்கெட், சாப்பாடு, விளம்பரம், மைதானம் இவைதான் பொறுப்பு. சுயேச்சைக் குழுவில் மொத்தமும் உள்ளூர்ப் பணம். மேலாளர் தானே ஆள் தேடணும், தானே ஒப்பந்தம் போடணும். அதனால்தான் அங்கே வெற்றிக்காக ஆடுவாங்க. கிளைக் குழுவில் வெற்றி இரண்டாம் பட்சம், வீரரைத் தயார்படுத்துவதே வேலை.

ஆள் சேர்ப்புக்கு இரண்டு கடிவாளம் உண்டு. ஒன்று, குழு முழுவதுக்கும் சம்பள உச்சவரம்பு. இன்னொன்று, அனுபவ வகைப்பாடு. தொழில்முறை ஆட்டத்தில் கழித்த ஆண்டுகளை வைத்து ரூக்கி (புதுமுகம்), எல்.எஸ்.1, எல்.எஸ்.2 (குறைந்த அனுபவப் படிகள்) என்று ஏறிக்கொண்டே போய் வெட்டரனில் (மூத்த வீரர்) முடியும். ரூக்கிக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை, வெட்டரனுக்கு அதிகபட்ச எண்ணிக்கை. எண்கள் ஆண்டுக்காண்டு மாறும், எனவே எழுதும் பருவத்தின் விதியைப் பார்த்துத்தான் போடணும்.

இது எங்கே இடிக்கும் என்றால் பருவத்தின் நடுவில். நன்றாக ஆடும் ரூக்கியை மேஜர் லீக் அமைப்பு ஒன்று விலைக்கு வாங்கும். அதற்குக் கிடைப்பது சிறு தொகைதான், வீரர் உடனே கிளம்பிடுவார். ரூக்கி கணக்கு குறைந்தால் இன்னொரு ரூக்கியைத்தான் போட முடியும், கையில் நல்ல வெட்டரன் இருந்தாலும் பயனில்லை. ஆகஸ்டில் ஒரு சுயேச்சைக் குழு திடீரென்று சரிவதைப் பார்த்தால் முதலில் ஆள் மாற்றப் பட்டியலைப் பாருங்க. பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

முதல் பருவத்திலேயே இரண்டு நல்ல உதாரணம். கெவின் மில்லர், டிராஃப்டில் (மேஜர் லீக் குழுக்கள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) யாரும் எடுக்காதவர். 1993இல் செயின்ட்ஸுக்கு ஆடினார், ஃப்ளோரிடா மார்லின்ஸ் வாங்கியது, 2004இல் ரெட் சாக்ஸோடு உலகத் தொடரை (மேஜர் லீகின் இறுதித் தொடர்) வென்றார். ரே ஒர்டோன்யெஸ், 1993 ஜூலையில் பஃபலோவில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியின்போது கியூபா அணியை விட்டு வெளியேறியவர். மேஜர் லீக் அவர் உரிமையை முடிவு செய்யும்வரை ஆட ஓர் இடம் வேண்டியிருந்தது, செயின்ட் பாலில் ஆடினார். அந்த அக்டோபரில் குலுக்கலில் மெட்ஸுக்குப் போனார்.

#6 வளைபந்து

ஸ்ட்ராபெரி பத்திக்கு எண்கள்: 1996, 29 ஆட்டம், சராசரி .435 (நூறு முயற்சிக்கு 43 முறைக்கு மேல் வெற்றிகரமான அடி), 18 ஹோம் ரன், 39 ஆர்.பி.ஐ. (தன் அடியால் குழுவுக்கு வந்த ரன்). ஜூலை தொடக்கத்தில் யாங்கீஸ் அழைத்துக்கொண்டது, அந்த அக்டோபரில் உலகத் தொடர் மோதிரம்.

இந்த .435ஐ வெறுமே எழுதாதீர்கள். நார்தர்ன் லீகின் தரத்தைப் பொதுவாக சிங்கிள்-ஏவுக்கும் டபுள்-ஏவுக்கும் (டிரிபிள்-ஏவுக்குக் கீழ்ப் படிகள்) நடுவில் வைப்பார்கள். மேஜர் லீகில் 290க்கு மேல் ஹோம் ரன் அடித்த ஒருவர் அந்தப் பந்துவீச்சை எதிர்கொண்டார். யாங்கீஸ் பார்த்தது சராசரியை அல்ல, மட்டை வேகம் குறையவில்லை என்பதைத்தான். அதே பருவத்தில் ஜாக் மாரிஸும் 41 வயதில் செயின்ட்ஸுக்குப் பந்து வீசினார். செயின்ட் பாலில் பிறந்தவர், 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ட்வின்ஸுக்காக 10 இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் வீசியவர். 1996 கோப்பையும் செயின்ட்ஸுக்கே.

ட்ரூ விஷயம் வேறு வகை, அதற்குத் தனிப் பத்தி வேண்டும். 1997 டிராஃப்டில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. அவர் தரப்பு கேட்டது 1 கோடி டாலர், குழு கொடுக்க முன்வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வழக்கமாக இந்த நிலையில் வீரர் கல்லூரிக்குத் திரும்புவார், அல்லது இறங்கி வருவார். ட்ரூ செயின்ட் பாலுக்கு வந்தார்: 1997இல் 44 ஆட்டம், .341, 18 ஹோம் ரன். 1998இல் 30 ஆட்டம், .386, 9 ஹோம் ரன். அந்த ஆண்டு டிராஃப்டில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஐந்தாவதாக எடுத்தது. செப்டம்பர் 8 அன்று மேஜர் லீகில் முதல் ஆட்டம். மார்க் மக்வயர் அந்தப் பருவத்தின் 62ஆவது ஹோம் ரன்னை அடித்துச் சாதனை படைத்த அதே இரவு.

இதன் பொருளை வாசகருக்குச் சொல்லுங்கள். டிராஃப்டில் எடுத்த குழுவைத் தவிர வேறெங்கும் ஆட முடியாது என்பதே வீரரின் பலவீனம். ஓராண்டு கூலியோடு ஆட ஒரு மைதானம் கிடைத்ததும் பேரத்தின் கனம் மாறியது.

#7 களஞ்சியம்

ஐலா போர்டர்ஸ் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. "தொழில்முறை பேஸ்பால் ஆடிய முதல் பெண்" என்று எழுதினால் பிழை. டோனி ஸ்டோன், மேமி ஜான்சன், கோனி மார்கன் மூவரும் 1950களில் கறுப்பின லீகில் ஆண்களோடு ஆடியவர்கள். ஜான்சன் பிட்சரும்கூட. அவர்களை விட்டுவிட்டு எழுதுவது அநீதி.

போர்டர்ஸ் 1997 மே 31 அன்று சூ ஃபால்ஸில் செயின்ட்ஸுக்காக இடையில் இறங்கிப் பந்து வீசினார். ஜூன் மாத இறுதியில் செயின்ட்ஸ் அவரை டுலூத்-சுப்பீரியர் டியூக்ஸுக்கு மாற்றிவிட்டது. தொடக்க பிட்சராக இறங்கிய முதல் ஆட்டம் 1998 ஜூலை 9, முதல் வெற்றி அதே மாதம் 24. இரண்டும் டுலூத் சட்டையில்! செயின்ட்ஸ் கட்டுரையில் அந்த வெற்றியைச் செயின்ட்ஸ் கணக்கில் சேர்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வாய்ப்பு கொடுத்தது செயின்ட் பால், பொறுமை காட்டியது டுலூத். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

மின்யோசோவுக்கும் இதே கவனம். மேஜர் லீகில் அவர் ஆடியது ஐந்து பத்தாண்டுகளில், கடைசியாக 1980இல். 1990இல் ஒயிட் சாக்ஸ் அவரை மறுபடி இறக்க நினைத்தபோது ஆணையர் அலுவலகம் தடுத்தது. தடுக்க ஆளில்லாத லீகில், 1993 ஜூன் 30 அன்று செயின்ட்ஸ் அவரை மட்டை பிடிக்க வைத்தது. ஆறாவது பத்தாண்டு. 2003 ஜூலை 16 அன்று மறுபடி வந்து, குறி தவறி வந்த நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்தார். ஏழாவது. "ஏழு பத்தாண்டுகள்" என்று எழுதினால் அதில் இரண்டு சுயேச்சை லீகில் என்றும் அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

#8 மூன்றாம்_பேஸ்

எல்லோரும் வீரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 1993இல் அந்த ஊரில் ஸ்ட்ராபெரியும் இல்லை, ட்ரூவும் இல்லை. ஆனாலும் இருக்கைகள் நிரம்பின. மைக் வீக் இல்லாமல் இந்த வரலாறு எழுத முடியாது.

பின்னணி: தந்தை பில் வீக், 1951இல் 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கெய்டலை மட்டை பிடிக்க அனுப்பியவர். மகன் மைக், 1979 ஜூலை 12 அன்று சிகாகோ கொமிஸ்கி பார்க்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சியை நடத்தியவர். கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது, ஒயிட் சாக்ஸ் இரண்டாவது ஆட்டத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் பேஸ்பாலில் அவருக்கு வேலை இல்லை. முதலீட்டாளர் மார்வின் கோல்ட்கிளாங், நடிகர் பில் மர்ரி ஆகியோரோடு சேர்ந்து செயின்ட்ஸைத் தொடங்கினார். செயின்ட் பாலிலிருந்து கொமிஸ்கி கொண்டுபோன குழுவின் மைதானத்தில் பெயரை இழந்தவர், செயின்ட் பாலுக்கே வந்து அதை மீட்டார். களஞ்சியம் சொன்ன முதல் செயின்ட்ஸைக் கட்டுரையில் வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

அவர் முறையைப் "பன்றிக்குட்டி வேடிக்கை" என்று சுருக்கிவிடாதீர்கள். கணக்கு இருக்கிறது. ஒன்பது இன்னிங்ஸில் 18 பாதிகள், இடையில் 17 இடைவெளிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். எந்த இடைவெளியில் யார் எந்தக் கதவு வழியாக உள்ளே வருவார், எந்தப் பக்கம் வெளியேறுவார், ஒலிபெருக்கியில் என்ன, எந்த நிறுவனம் அதற்குப் பணம் தருகிறது என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எழுதப்பட்ட அட்டவணை. ஆண்டுக்கொரு பன்றிக்குட்டி நடுவருக்குப் பந்துகள் கொண்டுபோகும். அதன் பெயரை ஊர் மக்கள் போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். பார்வையாளர் வரிசையில் ஒரு கன்னியாஸ்திரி, ரோசலிண்ட் கெஃப்ரி, பல ஆண்டுகள் தோள் பிடித்துவிட்டார். முடிதிருத்தும் நாற்காலியும் இருந்தது.

இவற்றில் எது கெடும்? நேரம்தான். பிட்சர் தன் பயிற்சிப் பந்துகளை முடித்துவிட்டால் நடுவர் காத்திருக்க மாட்டார். ஆகவே களத்துக்குள் நடப்பது குறுகியதாக இருக்க வேண்டும், நீளமானது எல்லாம் இருக்கைகளுக்கு மாற வேண்டும். தோள் பிடித்துவிடுவதும் முடிதிருத்துவதும் ஆட்டம் நடக்கும்போதே ஓடக்கூடியவை, எனவே 17 இடைவெளிகளில் ஒன்றைக்கூடத் தின்னாது.

#9 வளைபந்து

மூன்றாம்_பேஸ், வீக்கின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கூத்தெல்லாம் மற்ற ஐந்து ஊர்களிலும் முயன்று பார்த்தார்கள். ராச்செஸ்டர் ஒரே பருவத்தில் வின்னிபெக்குக்கு இடம் மாறியது. தண்டர் பே 1999இல் ஷாம்பர்க் ஆனது. வேறுபாடு, 25 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் மினியாபொலிஸ்–செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதி. வீக்கை டுலூத்தில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

#10 மூன்றாம்_பேஸ்

மக்கள்தொகை மட்டும் போதும் என்றால் பெருநகர ஓரத்தில் தொடங்கிய எல்லாச் சுயேச்சைக் குழுவும் நிலைத்திருக்க வேண்டும். ஷாம்பர்க் சிகாகோவின் புறநகர்தான், அங்கே ஃப்ளையர்ஸ் குழு நிலைக்கவில்லை. என் கருத்தில் மாற்றமில்லை.

#11 வடக்குக்காற்று

மைதானங்களுக்கு இரண்டு பத்தி வையுங்கள். மிட்வே, 1982இல் கட்டியது, 6,000 சொச்சம் இருக்கை, வெளிக்களச் சுவருக்குப் பின்னால் சரக்கு ரயில் பாதை. கடைசிப் பருவம் 2014. (1957இல் கட்டிய முதல் மிட்வே வேறு மைதானம், இரண்டாவது செயின்ட்ஸ் கடைசி நான்கு பருவங்கள் ஆடியது அங்கே. படங்களை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.)

சி.எச்.எஸ். ஃபீல்டு, 2015, லோயர்டவுன் பகுதி, 7,210 இருக்கை. பழைய தொழிற்சாலை நின்ற இடம். முதலில் போட்ட மதிப்பீடு 5.4 கோடி டாலர். மண்ணைத் தோண்டியபோது நிலத்தடி மாசும் பழைய கட்டட மிச்சங்களும் வந்ததால் 6.3 கோடியாக ஏறியது. அதில் 2.5 கோடி மாநில அரசின் மானியம். களம் தெரு மட்டத்துக்குக் கீழே இருப்பதால் நுழைவாயிலிலிருந்தே முழு ஆட்டமும் தெரியும். பக்கத்தில் இருக்கும் லைட் ரயில் பணிமனையின் கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துப் புல்லுக்கும் கழிப்பறைக்கும் விடுகிறார்கள்.

முதல் ஆண்டு 50 உள்ளூர் ஆட்டங்களுக்கு 4,04,528 பேர். இருக்கை 7,210, சராசரி 8,091 என்று பார்த்ததும் தட்டச்சுப் பிழை என்று திருத்திவிட வேண்டாம். புல்மேட்டிலும் நின்றும் பார்த்தவர்கள் சேர்ந்த கணக்கு அது. அந்தப் பருவம் 74 வெற்றி, 26 தோல்வி. கோப்பை மட்டும் கிடைக்கவில்லை.

#12 ஸ்கோர்_அட்டை

கோப்பைகள் 1993, 1995, 1996, 2004, 2019 என்று குறித்திருக்கிறேன். சரிதானே? 2006இல் லீக் ஏன் மாறியது? 2021ஐ "வளர்ச்சி" என்று எழுதலாமா?

#13 மேட்டு_மண்

கோப்பைகள் சரி. முதல் நான்கு நார்தர்ன் லீக், கடைசி ஒன்று அமெரிக்கன் அசோசியேஷன்.

2005 பருவம் முடிந்ததும் செயின்ட் பால், லிங்கன், சூ சிட்டி, சூ ஃபால்ஸ் நான்கும் நார்தர்ன் லீகை விட்டு வெளியேறி, கலைந்த சென்ட்ரல் லீகின் குழுக்களோடு சேர்ந்து புது லீக் அமைத்தன. நார்தர்ன் லீக் 2010 வரை தாக்குப்பிடித்தது.

2021க்கு "வளர்ச்சி"ன்னு எழுதாதீங்க, "மாற்றம்"ன்னு எழுதுங்க. மேஜர் லீக் 160 கிளைக் குழுவை 120 ஆகக் குறைத்த நேரம் அது. 40க்கும் மேற்பட்ட ஊர்கள் கிளைத் தகுதியை இழந்தன. அதே டிசம்பரில் (2020) சுயேச்சையிலிருந்து உள்ளே எடுக்கப்பட்டது மூன்றே குழுக்கள்: செயின்ட் பால், சுகர் லேண்ட், சாமர்செட். 1993இல் எந்த எல்லை விதியைச் சுற்றிக்கொண்டு வந்தார்களோ, அந்த விதிக்குச் சொந்தக்காரரான ட்வின்ஸே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. காரணம் எளிது. முந்தைய டிரிபிள்-ஏ குழு நியூயார்க் மாநிலத்தில் இருந்தது. வீரருக்குக் காயம் என்றால் மாற்று ஆள் விமானத்தில் வரணும். இப்போ சுமார் 10 மைல், காரில் வந்துவிடலாம்.

மாறியது என்ன என்று கணக்கா எழுதுங்க. உள்ளூர் ஆட்டம் 50லிருந்து 2022இல் 75 ஆச்சு. முன்பு மே நடுவில் தொடங்கும், இப்போ மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். மினசோட்டா ஏப்ரலில் பனி விழும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம். 18 பருவம் மேலாளராக இருந்த ஜார்ஜ் சமிஸ் (2003–2020) தன் ஒன்பது பேரைத் தானே தேர்ந்தெடுத்தார். இப்போ அந்தப் பட்டியல் ட்வின்ஸ் அலுவலகத்திலிருந்து வருது. 2023இல் உரிமையும் டைமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. பன்றிக்குட்டி மட்டும் இன்னும் வருது.

#14 ஸ்கோர்_அட்டை

திருத்திய முதல் பத்தி:

> செயின்ட் பால் செயின்ட்ஸ் என்ற பெயரில் மூன்று தனித்தனிக் குழுக்கள் ஆடியுள்ளன. இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. 1993இல் சுயேச்சை நார்தர்ன் லீகின் ஆறு தொடக்கக் குழுக்களுள் ஒன்றாகப் பிறந்து, 2006 முதல் 2020 வரை அதே பெயருள்ள பழைய லீகோடு தொடர்பில்லாத அமெரிக்கன் அசோசியேஷனில் ஆடி, 2021இல் மினசோட்டா ட்வின்ஸின் டிரிபிள்-ஏ கிளைக் குழுவானது. ட்வின்ஸின் முந்தைய டிரிபிள்-ஏ குழுவான ராச்செஸ்டர், 1993இல் செயின்ட்ஸோடு இதே லீகில் ஆடியது.

#15 களஞ்சியம்

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். 1993இல் நார்தர்ன் லீகில் ஆடியது மினசோட்டாவின் ராச்செஸ்டர், ஏசஸ் குழு. ட்வின்ஸின் டிரிபிள்-ஏ குழுவாக இருந்தது நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர், ரெட் விங்ஸ். மற்றபடி பத்தி சரியாக இருக்கிறது, பதிவேற்றலாம். படத்துக்கு மைதானத்துக்குள்ளேயே 2019இல் திறந்த சிட்டி ஆஃப் பேஸ்பால் அருங்காட்சியகத்தை அணுகிப் பாருங்கள்.